சந்திரம்மாளின் மகள்: நிகழ்த்துகலைக் குடியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு

1. 'முதல்' என்ற சொல்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் (1886–1968) பற்றிய பாடநூல் பக்கங்களில் 'முதல்' என்ற சொல் விடாமல் வரும். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு படித்த முதல் மாணவி. சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர், அதன் துணைத்தலைவர். இந்தச் சொல் அவர் போய்ச் சேர்ந்த இடங்களை எண்ணிக் காட்டுகிறது. புறப்பட்ட இடத்தைக் காட்டுவதில்லை. தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர் என்ற செய்தி முதல் வரியிலேயே வந்துவிடும். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில், இன்று இசை வேளாளர் என்று அறியப்படும் குடியில் பிறந்தவர் என்பது ஒரு அடைப்புக்குறிக்குள் ஒதுங்கும். சில நூல்களில் அந்த இடமும் கிடையாது.

ஆடலும் பாடலும் குலத்தொழிலாக இருந்த ஒரு மரபிலிருந்து 1907இல் ஒரு பெண் மருத்துவக் கல்லூரிக்குப் போனபோது அவர் எதைக் கொண்டுபோக முடிந்தது, எதை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முத்துலட்சுமி தேவதாசிகளின் ஆட்டமான சதிர் ஆடியவர் அல்லர். எனவே ஒரு கலைஞர் மருத்துவராக மாறிய கதை இதில் இல்லை. ஒரு மரபு வேறொரு தொழிலின் வாசலில் எப்படி நிறுத்தி விசாரிக்கப்பட்டது என்பதே இதில் உள்ளது.

2. செவியும் விரலும்: ஒரு விளக்கமும் அதன் போதாமையும்

கலையிலிருந்து மருத்துவத்துக்கு வருபவர்களைப் பற்றிப் பேசும்போது பொதுவாகத் தரப்படும் விளக்கம் திறனைச் சார்ந்தது. பழகிய செவி, பழகிய விரல், நெடுநேரம் ஒன்றையே பயிலும் பொறுமை ஆகியவை மருத்துவத்துக்கும் உதவும் என்பார்கள். சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. மார்பைத் தட்டி ஓசையைக் கேட்டு நோயறியும் முறையை 1761இல் நூலாக வெளியிட்ட வியன்னா மருத்துவர் அவுன்புரூக்கர் இசையில் தோய்ந்தவர். சாலியேரி இசையமைத்த ஓர் இசைநாடகத்துக்கு உரையும் எழுதியவர். 1816இல் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கிய லேனெக் புல்லாங்குழல் வாசிப்பவர்; மரத்தில் குடைந்த அவருடைய முதற்கருவிகளைப் பார்த்தால் குழலின் உறவு தெரியும். நம் பக்கத்திலும் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பிரித்தறிபவருக்கு லயம் தெரியாமல் முடியாது என்று சொல்லலாம்.

இவ்விளக்கம் தவறன்று. ஆனால் தனி மனிதர்களின் கைத்திறனுக்கு மட்டுமே அது பொருந்தும். லேனெக்கின் புல்லாங்குழல் அவருடைய மருத்துவப் பெயருக்கு ஊறு செய்யவில்லை, மாறாக, மெருகூட்டியது. சந்திரம்மாளின் மரபு மகளின் மருத்துவப் பெயருக்கு மெருகூட்டியதாக யாரும் எழுதவில்லை. வேறுபாட்டுக்குக் காரணம் செவியிலோ விரலிலோ இல்லை.

3. மேளமும் மருந்துப்பையும்

இசைக்கும் மருத்துவத்துக்கும் இடையில் இவ்வளவு தூரம் எப்போது வந்தது என்பதையும் கேட்க வேண்டும். தமிழகத்தின் பல ஊர்களில் சவரத் தொழில் செய்த குடியினர் மருத்துவர் என்றே அழைக்கப்பட்டனர். கட்டி கீறுவதும் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் அவர்கள் வேலை. அவ்வீட்டுப் பெண்களே மருத்துவச்சிகள். ஊரில் பிறந்த பிள்ளைகளெல்லாம் அவர்கள் கையில் விழுந்தவர்கள். அதே குடியைச் சேர்ந்தவர்கள் பல இடங்களில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மேளம் வாசித்தார்கள். ஆந்திரப் பகுதியிலும் மங்கலி குடியினரிடம் இதே சேர்க்கை உண்டு.

அதாவது, கிராமத்தில் மேளமும் மருந்துப்பையும் ஒரே வீட்டு ஆணியில் தொங்கின. இரண்டுக்கும் கூலி நெல்லாகவே வந்தது. இரண்டுக்கும் மதிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். உடலைத் தொடுவதும், பிறர் முன்னிலையில் வாசிப்பதும் உயர்ந்த வேலைகளாகக் கருதப்படவில்லை. மருத்துவத்தை அந்த வீட்டிலிருந்து பிரித்து, பட்டமும் ஆங்கிலமும் அரசுச் சம்பளமும் சேர்த்து உயரத்தில் வைத்தது காலனிய மருத்துவக் கல்லூரி. மருத்துவச்சி 'படிக்காத தாதி' ஆனாள். மேளக்காரர் மேளக்காரராகவே இருந்தார். முத்துலட்சுமி கடந்தது இந்தத் தூரத்தைத்தான். அது இயல்பாக இருந்த தூரம் அன்று; அவருக்கு முந்தைய சில தலைமுறைகளில் உண்டாக்கப்பட்டது.

4. புதுக்கோட்டை வீடு

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று பிறந்தார். ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றதும், வங்கத்தில் காதம்பினி கங்குலி மருத்துவப் படிப்பை முடித்ததும் அதே ஆண்டில்தான். புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு அந்தச் செய்திகள் எந்த அளவுக்கு எட்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.

பெண்ணுக்குக் கல்வி எங்கிருந்து வந்தது? வழக்கமான பதில், தந்தையிடமிருந்து. கல்லூரி முதல்வர், பிராமணர், தாசி மரபுப் பெண்ணை மணந்ததால் உறவினரின் விலக்குக்கு ஆளானவர், மகளைப் பள்ளிக்கு அனுப்பியவர். பூப்பெய்திய பின் பள்ளி நின்றபோதும் வீட்டிலேயே பாடம் தொடர அவரே ஏற்பாடு செய்தார். தாயோ மாப்பிள்ளை தேடத் தொடங்கினார். இந்தச் சித்திரத்தில் படிப்பு தந்தையின் பக்கமும் மரபு தாயின் பக்கமும் நிற்கின்றன.

இந்தப் பங்கீட்டை அப்படியே ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் பெண்கள் எழுதப்படிக்கத் தெரிந்திருப்பது இழுக்காகக் கருதப்படாத வெகுசில வீடுகளுள் தாசிகளின் வீடும் ஒன்று. பதமும் வர்ணமும் தெலுங்கில், தேவாரம் தமிழில், கணக்கும் மானியப் பத்திரமும் அவர்கள் கையில். உயர்சாதி வீடுகள் பெண்கல்வியை மறுப்பதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றே, 'படிப்பு தாசிகளுக்கு உரியது' என்பது. சொத்து பெண்வழியில் போகும் வழக்கமும் அங்கே இருந்தது. மகள் பிறந்தால் முகம் சுளிக்காத வீடு அது. தந்தை பாடநூலைக் கொடுத்திருக்கலாம். படிக்கும் பெண்ணைக் கண்டு திடுக்கிடாத சூழல் தாய்வழியில் முன்பே இருந்தது. மாப்பிள்ளை தேடிய சந்திரம்மாளைப் 'பழமைவாதி' என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அந்த மரபில் மகளுக்கு முறைப்படித் திருமணம் செய்துவைக்க விரும்புவது பழமை அன்று; அது ஒரு பெரிய விலகல்.

உடன்பிறந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. தங்கை நல்லமுத்து பின்னாளில் சென்னை ராணி மேரிக் கல்லூரியின் முதல்வரானார். ஒரே வீட்டில் ஒரு மருத்துவர், ஒரு கல்லூரி முதல்வர், இருவரும் பெண்கள். இதைத் தந்தை ஒருவரின் முற்போக்கால் மட்டும் விளக்கிவிட முடியுமா?

மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதித்தார். ஆண்கள் கல்லூரியில் பெண் உட்காருவது மட்டுமே அன்று சிக்கலாக இருந்ததா, அல்லது எந்த வீட்டுப் பெண் என்பதும் சேர்ந்து சிக்கலானதா என்றால், இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே என் எண்ணம். 'பையன்கள் கெட்டுவிடுவார்கள்' என்ற அச்சம் எந்தப் பெண்ணின் மீதும் கவியக்கூடியதுதான். தாசியின் மகள் மீது அது இரு மடங்காகக் கவியும்.

5. கல்லூரி வாசலில் யார் நின்றார்கள்

சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் உட்பட நால்வர் அவ்வாண்டு சேர்ந்தனர். லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய ஷார்லீப், சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா (திரைமறைவு) முறையில் வாழ்ந்த பெண்களுக்கும் என்றே திருவல்லிக்கேணியில் மருத்துவமனை தோன்றக் காரணமானார். இன்று அது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. 1878இல் கிருபாபாய் சத்தியநாதன் சேர்ந்தார். உடல்நலம் இடம்கொடுக்காமல் படிப்பை விட்டு நாவலாசிரியரானார். 1882இல் வங்கத்திலிருந்து வந்த அபலா தாஸும் முடிக்காமல் திரும்பினார். பின்னர் விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸின் மனைவியாக அறியப்பட்டார்.

இப்பட்டியலில் ஐரோப்பியர், இந்தியக் கிறித்தவர், பிரம்ம சமாஜத்தார் உண்டு. சாதி இந்து வீட்டுப் பெண்களைக் காண்பது அரிது. காரணம் தெரிந்ததே. ஆண்களோடு ஒரே கூடத்தில் பிணம் அறுக்க வேண்டும். அந்நிய உடலைத் தொட வேண்டும். இரவில் பிரசவத்துக்குக் கிளம்ப வேண்டும். குலஸ்திரீயின் இலக்கணத்தில் இவை எதற்கும் இடமில்லை. பலர் பார்க்கும் இடத்தில் நிற்பதும் வேலை செய்து கூலி பெறுவதும் அன்று யாருக்குப் பழக்கம்? சதிர் ஆடிய பெண்களுக்கு. இந்த நோக்கில் பார்த்தால், மருத்துவக் கல்லூரி கேட்ட துணிவு நிகழ்த்துகலைக் குடிக்கு அந்நியமானது அன்று.

ஆனால் அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. தாசி மரபுப் பெண்ணையும் நவீன மருத்துவத்தையும் முன்பே இணைத்த ஒரு வரலாறு இருந்தது, அது கசப்பானது. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழிலாளர் என்று பதியப்பட்ட பெண்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. நோய் கண்டவர்களை லாக் ஆஸ்பத்திரிகளில் அடைத்தது. 1888இல் சட்டம் நீங்கியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகளின் கீழ் நடந்த வழக்குகளோ சிறுமியைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டுவதையும் விபசாரத்துக்கு விற்பதையும் ஒன்றாக்கிவிட்டிருந்தன. ஆடும் பெண் என்றால் சந்தேகத்துக்குரிய உடல் என்ற எண்ணம் சட்டத்திலும் மருத்துவத்திலும் ஊறியிருந்தது. ஆக, முத்துலட்சுமி 1907இல் கல்லூரிக்குள் நுழைந்தபோது, பரிசோதிக்கப்படும் தரப்பிலிருந்து ஒரு பெண் பரிசோதிக்கும் தரப்புக்குப் போகிறார். 1912இல் எம்.பி. அண்டு சி.எம். பட்டமும் பதக்கங்களும் பெற்று வெளிவந்தபோது அந்த இடமாற்றம் முழுமையானது. இந்த இடமாற்றத்தின் விலையைக் கணக்கிடாமல் அவருடைய பிற்காலப் பணிகளை மதிப்பிடுவது சரியாகாது.

6. மருத்துவம் தந்த மொழி

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று முன்கூட்டியே உறுதி வாங்கினார். 1926இல் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927இல் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1929ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டத் திருத்தம் தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. ஆடாமலே நிலத்தை வைத்துக்கொள்ளலாம். காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுவதை அடியோடு தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது.

இவ்வரலாற்றைப் பற்றி இரண்டு வாசிப்புகள் உள்ளன. முதலாவது சீர்திருத்த வாசிப்பு: இருளிலிருந்து மீட்ட கதை. இரண்டாவது 1980களிலிருந்து வலுப்பெற்ற மறுவாசிப்பு. சீர்திருத்தம் பெண்களின் தொழிலையும் சொத்துரிமையையும் பறித்தது, குடியின் ஆண்களோ நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரியமேளத்தைக் காப்பாற்றிக்கொண்டு மேலே வந்தார்கள் என்று அம்ரித் ஸ்ரீநிவாசன் எழுதினார். எஸ். ஆனந்தி தேசிய, சுயமரியாதை இயக்கங்களின் சொல்லாடலில் தேவதாசி எப்படி உருவாக்கப்பட்டார் என்று ஆராய்ந்தார். தவேஷ் சோனெஜி, சட்டத்துக்குப் பின்னும் அப்பெண்களிடம் எஞ்சிய நினைவையும் ஆட்டத்தையும் பதிவு செய்தார்.

மறுவாசிப்பின் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. ஆனாலும் இரு தரப்பும் முத்துலட்சுமியைச் சட்டசபை உறுப்பினராக, சீர்திருத்தவாதியாக மட்டுமே பார்க்கின்றன. அவர் பயின்ற மருத்துவத்துக்கு உரிய இடம் தருவதில்லை. அவர் வாதாடியது மருத்துவரின் மொழியில். பால்வினை நோய், பிறக்கும் குழந்தையின் நலம், இனத்தின் ஆரோக்கியம் ஆகியவை அவருடைய வாதங்களில் தொடர்ந்து வருகின்றன. நோய்க்குறி, காரணம், தடுப்பு என்ற வரிசையிலேயே ஒரு சமூக வழக்கத்தை அவர் அணுகினார். அந்த மொழியில் கலைக்கு இடமே இல்லை. நோய் பரவும் வழியாக மட்டுமே ஆட்டம் அதில் இடம்பெற முடியும்.

அதே காலத்தில் சென்னை மாகாணத் தேவதாசிகள் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். தங்களை விபசாரிகளோடு சேர்க்க வேண்டாம், தாங்கள் கோயில் ஊழியர், தங்களுக்குச் சமயக் கல்வியும் இலக்கியமும் இசையும் கற்பிக்க வழிசெய்யுங்கள் என்றார்கள். எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஒருவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ அதே குடியிலிருந்து வந்து ஒழிப்பின் பக்கம் நின்றார். 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை வெளியிட்டார். ராமாமிர்தம் தன் வாழ்வைச் சான்றாக வைத்துப் பேசினார். நாகரத்தினம்மாள் தன் கலையை வைத்துப் பேசினார். முத்துலட்சுமி தன் பட்டத்தை வைத்துப் பேசினார். தாயின் குடியை அவர் பொதுமேடையில் முன்வைக்கவில்லை. இதை மறைப்பு என்று சிலர் சொல்லக்கூடும். மருத்துவருக்கு நோயாளியின் உறவினராக இருக்க உரிமையில்லை என்பதே தொழிலின் விதி என்று இதைப் புரிந்துகொள்வது பொருத்தமாக இருக்கும். பரிசோதிக்கும் தரப்பில் நிற்கும்வரைதான் அவர் பேச்சு அறிவியலாகக் கேட்கப்பட்டது.

இதனால் அவரைக் கல்நெஞ்சர் ஆக்கிவிட வேண்டியதில்லை. தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகளுக்கு விடுதிகள் இடம் மறுத்தபோது 1930இல் தன் வீட்டிலேயே ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தங்கை ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் முப்பது ஆண்டுகள் கழித்து, 1954இல், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. அங்கே அவர் நோயாளியின் உறவினராக இருந்தார். அதைச் சொல்லவும் செய்தார். தங்கையின் நோயைச் சொல்ல முடிந்த அவருக்குத் தாயின் மரபைச் சொல்ல முடியாமல் போனதில்தான் அன்றைய மருத்துவக் கௌரவத்தின் எல்லை தெரிகிறது.

7. எதிர்த்திசையில் போனவர்கள்

1932 இறுதியில் பத்திரிகைகளில் முத்துலட்சுமிக்கும் வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யருக்கும் சதிர் பற்றி நடந்த வாதம் பலரும் அறிந்தது. கிருஷ்ணய்யர் பெண்வேடமிட்டுச் சதிர் ஆடியவர். ஆட்டத்தைக் காப்போம் என்றார். 1936இல் ருக்மிணிதேவி அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். ஔவை இல்லமும் பின்னர் அடையாற்றிலேயே நிலைகொண்டது. மரபுக் குடியின் பெண்கள் ஆட்டத்தை விட்டுப் பள்ளிக்கூடம் போன அதே பத்தாண்டுகளில் பிராமண வீட்டுப் பெண்கள் சலங்கை கட்டினார்கள். வழக்கறிஞர் ஆடலாம், ஆடும் குடியின் மகள் மருத்துவரானால் ஆட்டத்தின் பெயரையே எடுக்கக் கூடாது.

ஆந்திரத்தின் ஸ்ரீபாத பினாகபாணி (1913–2013) இந்த ஏற்றத்தாழ்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு. கர்னூல் மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியர். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, வோலேட்டி வெங்கடேஸ்வரலு போன்றோருக்கு ஆசான். 1983இல் சங்கீத கலாநிதி. காலையில் வார்டு, மாலையில் வர்ணம். மருத்துவம் அவர் இசையைக் கறைப்படுத்தவில்லை. இசை அவர் மருத்துவத்தைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கவில்லை. அவருடைய புலமையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. இரண்டையும் ஒரே கையில் பிடிக்க அவருக்கு இருந்த வசதி, குலத்தொழிலாக இசையைப் பெற்றவர்களுக்கு இல்லை என்பதற்காகவே எழுதுகிறேன்.

பின்னர் நிலைமை தளர்ந்தது. சீர்காழி கோவிந்தராஜனின் மகன் சிவசிதம்பரம் மருத்துவமும் படித்தார், தந்தையின் பாட்டையும் தொடர்ந்தார். இரண்டும் அவர் பெயரோடு பெருமையாகவே ஒட்டிக்கொண்டன. இடையில் இசை வேளாளர் என்ற புதுப்பெயர் வந்திருந்தது. சினிமாவும் இசைத்தட்டும் பாடகருக்குப் புதிய மதிப்பைத் தந்திருந்தன. அவர் ஆண் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரியமேளம் வாசித்த ஆண்களின் கலையை எந்தச் சட்டமும் தொடவில்லை.

முத்துலட்சுமியின் சொந்த வீட்டிலேயே ஒரு எதிர்ப்பயணம் நடந்தது. அவருடைய சகோதரர் மகன் ஒருவர் மருத்துவராக ஆசைப்பட்டார்; குடும்பச் சூழலால் முடியவில்லை. கொஞ்ச காலம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். பிறகு சினிமாக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கம்பெனியின் பெயரையே பின்னாளில் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். அவர்தான் ஜெமினி கணேசன். அவருடைய மகள் கமலா செல்வராஜ் மருத்துவம் படித்து, கருவுறுதல் சிகிச்சையில் பெயர்பெற்றார். நடிகரின் மகள் என்பது அவருக்கு மருத்துவக் கல்லூரி வாசலில் தடையாக நின்றதாக யாரும் சொன்னதில்லை. ஜெமினி கணேசன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'மிஸ் மாலினி' 1947இல் வெளிவந்தது. அத்தை இருபது ஆண்டுகள் போராடிய பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான்.